வாக்ஸ்ஹால் தவறணை

யாழ்ப்பாணத்தில் தவறணை என்றால் கள்ளுத் தவறணை. கிடுகு மறைப்பு, நீள வாங்கு, பனையோலைப் பிளா, புளித்த வாசம். போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போன சொற்களில் அதுவும் ஒன்று. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். "அவன் தவறணைக்குப் போறவன்" என்று ஒருவரைப் பற்றிக் கதை வந்துவிட்டால், பிறகு அந்த வீட்டோடு சம்பந்தம் பேச யாரும் போக மாட்டார்கள். அம்மா பெருமையாகச் சொல்லும் ஒரு வசனம் உண்டு: "உங்கட அப்பா ஒருநாளும் தவறணை வாசல் மிதிச்சதில்லை."

அந்த அப்பாவின் மகன் நான் லண்டனில் பதினான்கு வருடம், பெரும்பாலான சனிக்கிழமை இரவுகளில் ஒரு தவறணையின் வாசலை மிதித்தேன். அதன் முழுப்பெயர் ராயல் வாக்ஸ்ஹால் டவர்ன். வழமையாக வருகிறவர்கள் 'டவர்ன்' என்று மட்டும் சொல்வார்கள். நான் மனத்துக்குள் தவறணை என்றே சொல்லிக்கொள்வேன். இரண்டும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். ஆண்களை விரும்பும் ஆண்களும் பெண்களை விரும்பும் பெண்களும் பல தலைமுறைகளாகத் தங்கள் வீட்டுத் திண்ணைபோல வைத்திருக்கும் பப் அது.

2012-இல் நான் லண்டனை விட்டு வடக்கே லீட்ஸுக்குப் போனேன். அதற்குப் பிறகு அந்த இடத்தை நினைக்காத சனிக்கிழமை இல்லை.

ஊரை விட்டு வந்தவனின் ஏக்கத்தை எங்கள் ஆட்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். கிணற்றடி, பூவரசம் வேலி, மழைக்குப் பிறகு ஒழுங்கையில் ஓடும் வெள்ளம். அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. அதை எந்தக் கலியாண வீட்டிலும் சத்தமாகச் சொல்லலாம்; பக்கத்துக் கதிரையில் இருப்பவர் கண் கலங்குவார், தன் ஊர்க் கிணற்றைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். எனக்குள் இருக்கும் இரண்டாவது ஏக்கத்தை நான் தமிழில் யாரிடமும் சொன்னதில்லை. கேட்பதற்குக் கதிரை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

*

1996-இல் லண்டன் வந்தபோது எனக்கு 22 வயது. டூட்டிங்கில் ஒரு கடைக்கு மேலே, ஓர் அறையில் நான்கு பேர். இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை. கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தபடி, கீழே உள்ள தட்டில் காசை வாங்கி மிச்சத்தைத் தள்ளுவேன். பகலில் ஆங்கில வகுப்பு. வகுப்புக்குப் போகும் பஸ் வாக்ஸ்ஹால் சந்தியைச் சுற்றிக்கொண்டு போகும். ரயில் பாலத்துக்கு எதிரே, அக்கம்பக்கத்தில் வேறொரு கட்டடமும் ஒட்டாமல், வளைந்த முகப்போடு தனியே நிற்கும் பழைய பப் ஒன்று தெரியும். ஒரு மாலை, பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து பார்த்தபோது, அதன் வாசலில் இரண்டு ஆண்கள் கைகோத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை, எதையும் காட்டவும் இல்லை. மழை விடட்டும் என்று நிற்கும் புருஷன் பெண்சாதிபோல நின்றார்கள்.

பஸ் திரும்பிவிட்டது. மறுநாளும் அதே பக்கத்து இருக்கையில் போய் இருந்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக ஜன்னலால் பார்த்துக்கொண்டே போனேன்.

1998-இன் இலையுதிர் காலத்தில்தான் காலை வைத்தேன். டூட்டிங் பிராட்வேயில் கறுப்புப் பாதை ரயில், ஸ்டொக்வெல்லில் இறங்கி நீலப் பாதை, அதிலிருந்து ஒரே ஒரு தரிப்பு. அறையில் இருந்த பெடியங்களிடம் வேலைக்கு ஆள் குறைவு, கூப்பிட்டார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். உள்ளே சனம் நெருக்கி நின்றது. சிகரெட் புகை, பியர் ஈரம், வியர்வை. அன்று சனிக்கிழமை, 'டக்கி' என்ற நிகழ்ச்சி. 1995-இல் தொடங்கிய அந்த நிகழ்ச்சி, அந்தச் சிறிய மேடையில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடந்தது. பழைய பங்க் பாட்டுகளுக்கு எல்லோரும் ஆடினார்கள். நள்ளிரவுக்குக் கிட்ட இசை நின்றது. மேடையில் ஓர் ஆள் வந்து பத்து நிமிடம் என்னவோ செய்தார். பாதி எனக்கு விளங்கவில்லை. சனம் சிரித்தது, பிறகு திடீரென்று ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

நான் ஓர் ஒரேஞ்ச் ஜூஸை வாங்கிக்கொண்டு, ஓர் இரும்புத் தூணோடு முதுகை ஒட்டி நின்றேன். அந்தத் தூணடியில் உயரமான கதிரை ஒன்றில் ஒரு பெரியவர் இருந்தார். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கழுத்துப்பட்டி, இஸ்திரி போட்ட சட்டை. என் கையில் இருந்த கிளாஸைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். முதல் தடவையா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். தன் கதிரையைக் கொஞ்சம் தள்ளி, தூணில் இன்னும் ஒருவர் சாய்ந்து நிற்க இடம் விட்டார். பெயரைக் கேட்டார். நான் சொன்ன பெயரை அவரால் உச்சரிக்க முடியவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, மூன்றாவது தரம் சரியாகச் சொன்னார்.

லண்டன் வந்து இரண்டு வருடத்தில் எங்கள் ஆட்கள் என்னிடம் முதலில் கேட்டதெல்லாம் ஊர் எது, ஆற்றை மகன், விசா கிடைத்ததா, எப்ப கலியாணம். இவர் பெயரைக் கேட்டதோடு நிறுத்திவிட்டார். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

*

பெரியவர் லண்டன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தவறணையின் வரலாற்றை எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். பிறகு நான் வாசித்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

அந்த இடத்தில் முன்பு வாக்ஸ்ஹால் பூந்தோட்டம் இருந்தது. லண்டன் சனம் படகேறித் தேம்ஸைக் கடந்து, இசை கேட்கவும் வாணவேடிக்கை பார்க்கவும், இருட்டில் ஒதுங்கவும் போன இடம். அது 1859-இல் மூடப்பட்டது. அந்த நிலத்தின் ஒரு பகுதியில் 1860-க்கும் 1862-க்கும் இடையில் எழும்பியதுதான் டவர்ன். உள்ளே நிற்கும் இரும்புத் தூண்கள் பூந்தோட்டத்தில் இருந்து வந்தவை என்று ஒரு கதை உண்டு. பெரியவர் தன் தூணைத் தட்டிக்காட்டி அந்தக் கதையைச் சொல்வார். 1970-களில் அயலில் இருந்த பழைய வீதிகளை இடித்தபோது இது மட்டும் மிஞ்சியது. அதனால்தான் பஸ்ஸில் இருந்து பார்க்கும்போது அப்படித் தனித்து நின்றது.

இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களின் காலத்தில் இருந்தே அங்கே பெண்வேடக் கலைஞர்கள் பாடி ஆடினார்கள். இங்கிலாந்தில் ஆணும் ஆணும் கூடுவது 1967 வரை குற்றம். பெரியவர் அந்தக் காலத்தில் இளைஞர். யார் என்ன என்று தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத காலம் அது என்பார். அப்போது மேடை கிடையாது. வளைந்து நீண்ட ஒரு பார் மேசை இருந்தது. கலைஞர்கள் குதிக்கால் சப்பாத்தோடு அந்த மேசைமேல் ஏறி, கிளாஸ்களுக்கு நடுவே நடந்துகொண்டே பாடுவார்கள். 1980-களின் தொடக்கத்தில் அந்த மேசையை எடுத்துவிட்டு, உள்ளே இருந்த தடுப்பை உடைத்து ஒரே கூடமாக்கி, மேடை போட்டார்கள்.

"மேசையை எடுத்த அன்றைக்கு டவர்ன் முடிந்துவிட்டது" என்று பெரியவர் சொல்வார். பதினைந்து வருடத்துக்கு மேலாக அப்படிச் சொல்லிக்கொண்டே, சனிக்கிழமை தவறாமல் வந்து அதே தூணடியில் இருந்தார்.

அந்தப் பெண்வேடம் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. சின்ன வயதில் கோயில் திருவிழாவில் விடிய விடிய இசை நாடகம் பார்த்திருக்கிறேன். மயானத்தில் மகனை மடியில் கிடத்தி அழும் சந்திரமதியாக ஓர் ஆண் பாடும்போது, ஊரே மூக்கைச் சிந்தும். விடிந்த பிறகு அதே மனிதர் முகத்தில் அரிதாரம் முழுக்கப் போகாமல் சைக்கிளில் போவதைப் பார்ப்பேன். அவரைப் பின்தொடர்ந்து போய் ஏதாவது கேட்கவேண்டும் என்று நெஞ்சு அடிக்கும். என்ன கேட்பது என்று தெரியாது. வாக்ஸ்ஹாலில் அந்தக் கேள்வியைக் கேட்காமலே பதில் கிடைத்தது.

லில்லி சவேஜின் கதையையும் பெரியவரே சொன்னார். பெர்க்கன்ஹெட்டில் பிறந்த பால் ஓகிரேடி, 1980-களில் லில்லி சவேஜ் என்ற பெண்வேடத்தில் பல வருடம் அந்த மேடையில் நின்றார். பின்னாளில் தொலைக்காட்சியில் நாடறிந்த மனிதர். 1987 ஜனவரியில் ஒரு இரவு, அவர் மேடையில் நிற்கும்போது பொலிஸ் உள்ளே பாய்ந்தது. எய்ட்ஸ் பற்றிய பயம் உச்சத்தில் இருந்த நேரம். வந்தவர்கள் கைகளில் ரப்பர் கையுறை போட்டிருந்தார்கள். எங்களைத் தொட்டால் நோய் வரும் என்று பயந்து வந்தவர்கள். பலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பாத்திரம் கழுவ ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று லில்லி மேடையில் இருந்தே சொன்னார். அந்தக் கதை இன்றும் அங்கே வாய்வழியாகப் போகிறது.

கதையைச் சொல்லி முடித்ததும் பெரியவர் மேடையைப் பார்க்கவில்லை. சனத்தைப் பார்த்தார். அந்த இரவு தன்னோடு நின்றவர்களில் யார் யார் எங்கே நின்றார்கள் என்று விரலால் காட்டினார். அங்கே இப்போது வேறு ஆட்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அன்று நின்றவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பத்து வருடத்துக்குள் இறந்துபோனவர்கள். ஒரு கிழமையில் இரண்டு செத்தவீடு என்ற கணக்கில் போன காலம் அது என்றார். அந்த வருடங்களில் இதே மேடையில்தான் நோயாளிகளுக்காகக் காசு சேர்த்தார்கள்.

நானும் செத்தவீடுகள் நிறைந்த ஒரு நாட்டில் இருந்து வந்தவன். எங்கள் இருவருக்கும் ஒத்த வயதில்லை, ஒத்த மொழியில்லை. ஆனால் ஆட்கள் நின்ற இடத்தை விரலால் காட்டுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

*

1999 ஏப்ரல். லண்டனில் அடுத்தடுத்து மூன்று ஆணிக் குண்டுகள். 17-ஆம் தேதி பிரிக்ஸ்டனில், கறுப்பின மக்கள் கூடும் இடத்தில். 24-ஆம் தேதி பிரிக் லேனில், வங்காள மக்களின் தெருவில். 30-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை, சோஹோவில் தன்பாலீர்ப்பாளர்களின் பப்பான அட்மிரல் டங்கனில். அங்கே மூன்று பேர் இறந்தார்கள். நவநாசி எண்ணம் கொண்ட ஒரே ஆள்தான் மூன்றையும் வைத்தான். அவனுடைய பட்டியலில் நான் இரண்டு தரம் இருந்தேன்: தோல் நிறத்துக்காக ஒருமுறை, மனதுக்காக ஒருமுறை.

மறுநாள் தவறணைக்குப் போனேன். போகாமல் இருப்பது பற்றி நினைத்துப் பார்த்தேன்; முடியவில்லை. ஊரில் ஷெல் விழுந்த மறுநாள் சந்தை கூடும். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் எண்ணிக்கொள்வார்கள். வாக்ஸ்ஹாலிலும் அன்றைக்கு அப்படித்தான் எண்ணினோம். பெரியவர் தன் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் எழும்பி, அந்தக் கதிரையை எனக்குத் தந்துவிட்டு நின்றார். அன்று இரவு முழுக்க அவர் நின்றார். நான் இருந்தேன்.

வழமையாகப் போகும் ஓர் இடம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் அதைத்தான் சொல்வேன். நீ வராவிட்டால் குறை தெரியும் இடம். நீ வந்தால் உனக்காக ஒருவர் எழும்பும் இடம்.

அங்கே கிடைத்த சின்னச் சின்ன விஷயங்கள்தான் இன்று பெரிதாகத் தெரிகின்றன. என் மாறும் வேலை நேரத்தைப் பார் மேசையில் நின்ற பெண் ஞாபகம் வைத்திருந்தாள். இரவு வேலை முடித்து அடுத்த நாள் வந்தால், கேட்காமலே தேத்தண்ணி தருவாள். தபால்காரி ஒருத்தி, தன் துணையோடு பதினெட்டு வருடமாக வாழ்கிறவள், எனக்கு வரிப் படிவம் நிரப்பப் பழக்கினாள். நிகழ்ச்சி தொடங்குமுன் நேரமிருந்தால் தெற்கு லாம்பெத் சாலைக்கு நடப்பேன். அங்கே வரிசையாகப் போர்த்துக்கேயர் கடைகள். ஒரு கோப்பியும் ஒரு முட்டைப் பாற்பணியாரமும் வாங்கிக்கொண்டு இருப்பேன். எங்களுக்குத் தவறணை என்ற சொல்லைத் தந்தவர்களின் பிள்ளைகள், நான் போகும் தவறணைக்குக் கூப்பிடு தூரத்தில் கடை வைத்திருந்தார்கள். இதை அம்மாவிடம் சொன்னால் ரசிப்பாள் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

அம்மாவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைப்பேன். "நேற்று என்னடா செய்தனி?" என்று கேட்பாள். "சினேகிதப் பெடியங்களோட இருந்தனான், அம்மா" என்பேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அவள் 2010-இல் போய்ச் சேர்ந்தாள். என் வாழ்க்கையின் நல்ல இரவுகளில் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது.

பெரியவர் அதற்கு ஒரு வருடம் முந்திப் போனார். செத்தவீட்டுக்குப் பிறகு அடுத்த சனிக்கிழமை, அந்தத் தூணடிக் கதிரையில் யாரும் இருக்கவில்லை. அவ்வளவு நெரிசலிலும் ஒருவரும் இருக்கவில்லை. அதற்கடுத்த கிழமை, விவரம் தெரியாத ஒரு புதுப் பெடியன் அதில் இருந்தான். எனக்கு அவனைத் தள்ளிவிட வேண்டும்போல இருந்தது.

*

நான் லண்டனை விட்டு வந்து இரண்டு வருடத்தில், 2014-இல், கட்டடம் ஒரு வெளிநாட்டுச் சொத்து நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்தச் செய்தி கேட்டவர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. சோஹோவில் இதேபோன்ற மேடம் ஜோஜோஸ் அதே வருடம் மூடப்பட்டது. 2015 ஜனவரியில் ஹக்னி சாலையின் ஜோய்னர்ஸ் ஆர்ம்ஸ். ஏப்ரலில் காம்டனின் பிளாக் காப். அதன் வாசலில் பழைய வாடிக்கைக்காரர்கள் சனிக்கிழமைதோறும் கூடி, வருடக்கணக்காக நின்றார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் பின்பு கணக்கெடுத்தார்கள்: 2006-இல் லண்டனில் இப்படி 120-க்கும் மேற்பட்ட இடங்கள் இருந்தன, 2017-இல் ஏறத்தாழ 50.

காரணம் ஒன்றல்ல. நிலத்தின் விலை ஏறியது. வாக்ஸ்ஹாலிலேயே ஆற்றோரம் 50 மாடிக் கோபுரம் எழும்பியது. பக்கத்தில் நைன் எல்ம்ஸில் 2018-இல் அமெரிக்கத் தூதரகம் வந்தது. ஒரு பப் நிற்கும் நிலத்தில் எத்தனை வீடு கட்டலாம் என்ற கணக்கு, அந்தப் பப்பின் ஒரு வருட வியாபாரத்தை விழுங்கிவிடும். அதோடு 2009-க்குப் பிறகு ஆட்களைத் தேடிப் பப்புக்குப் போகத் தேவை இல்லாமல் போனது. கைபேசியிலேயே ஆள் கிடைத்தது. சட்டமும் மாறியது. 2005 இறுதியில் பதிவுத் துணைமை, 2014-இல் திருமணம். கையைக் கோத்துக்கொண்டு எந்தக் கடைக்கும் போகலாம் என்ற நிலை வந்தது. நாங்கள் கேட்டுப் போராடிய சுதந்திரம்தான் எங்கள் திண்ணையில் ஆட்களைக் குறைத்தது. அதற்காக அந்தச் சுதந்திரத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை, தரவும் கூடாது.

டவர்னின் வாடிக்கைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அதன் ஆங்கில முதலெழுத்துகளோடு ஆர்விடி ஃபியூச்சர் என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். லாம்பெத் நகரசபை அதைச் சமூகத்துக்கு மதிப்புள்ள சொத்து என்று பதிவு செய்தது. 2015 செப்டம்பரில் அது இரண்டாம் தரப் பாதுகாப்புக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தில் தன்பாலீர்ப்பாளர்களின் வரலாற்றுக்காகவே ஒரு கட்டடத்துக்கு அந்தக் காப்பு கிடைத்தது அதுவே முதல்முறை. கையுறை போட்டுக்கொண்டு உள்ளே வந்த அரசு, 28 வருடத்துக்குப் பிறகு அதே சுவர்களைக் காப்பாற்ற வேண்டியவை என்று எழுதித் தந்தது. லீட்ஸில் என் சமையலறையில் நின்று அந்தச் செய்தியை வாசித்தேன். சொல்வதற்குப் பெரியவர் இல்லையே என்று அழுதேன்.

*

வருடத்துக்கு இரண்டு தடவையாவது லண்டன் போகிறேன். அங்கே வாட்டர்லூவுக்குப் போகும் ரயில் வாக்ஸ்ஹாலைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் எழும்பி நிற்பேன். சுவர் அதே சுவர். உள்ளே போனால் தூண் அதே தூண். ஆனாலும் மாறித்தான் இருக்கிறது.

முதலில் தெரிந்தது வாசம். 2007 ஜூலையில் புகைத்தடைச் சட்டம் வந்த கையோடு, ஏறத்தாழ ஒன்பது வருடம் என் சட்டையில் ஒட்டி வந்த அந்தப் புகை போய்விட்டது. டூட்டிங் அறையில் சட்டையை மாட்டிவைத்தால் அடுத்த நாள் வரை தவறணை கூடவே இருக்கும். சுகாதாரத்துக்கு நல்லதுதான். எனக்கு அது முதல் இழப்பு. பிறகு டக்கியின் சனிக்கிழமைகள் முடிந்தன. 2023 மார்ச்சில் பால் ஓகிரேடி 67 வயதில் காலமானார். பாட்டு மாறியது. மேடைக்கு வரும் கலைஞர்கள் மாறினார்கள். ஆண் பெண்ணாக வேடமிடுவது மட்டும் என்றிருந்த இடத்தில், பெண் ஆணாகவும், இரண்டுக்கும் நடுவிலும், இரண்டுக்கும் வெளியிலும் நின்று பாடுகிறார்கள்.

பழைய ஆட்கள் நாலைந்து பேர் இன்னும் தொடர்பில் இருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் தவறணை முடிந்த திகதி ஒன்று உண்டு. தபால்காரிக்கு அது கட்டடம் கைமாறிய நாள். இன்னொருவருக்கு டக்கியின் கடைசி இரவு. மற்றவருக்கு, பெருந்தொற்றுக் காலத்தில் கதவு மூடியிருந்த முதல் சனிக்கிழமை. கதவு திறந்த பிறகும் அவருக்கு மனம் திறக்கவில்லை. எனக்குத் தூணடிக் கதிரையில் அந்தப் பெடியன் இருந்த இரவு. பெரியவருக்கு 1980-களில் மேசையை எடுத்த நாள். அவருக்கு முந்தியவர்களுக்கும் ஏதோ ஒரு நாள் இருந்திருக்கும்.

கடந்த மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை போனேன். தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒல்லியான ஓர் இளைஞன் தள்ளி நின்றுகொண்டிருந்தான். கையில் கிளாஸ், குடிக்கவில்லை. என்னைப் பார்ப்பதும் கண்ணைத் திருப்புவதுமாக இருந்தான். பிறகு கிட்ட வந்தான்.

"அண்ணை, நீங்கள் தமிழா?"

அந்தக் கட்டடத்துக்குள், அத்தனை வருடத்தில், என்னிடம் தமிழில் ஒருவர் கதைத்தது அதுவே முதல்முறை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஓம் என்று தலையை ஆட்டினேன். மட்டக்களப்புப் பக்கம், படிக்க வந்து ஐந்து மாதம் என்றான். இலங்கையில் 1883-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் அவனைக் குற்றவாளி என்றுதான் சொல்கிறது. இங்கே வந்தது இது மூன்றாவது தரம், முதல் இரண்டு தரமும் வாசலோடு திரும்பிவிட்டேன் என்றான். மேடையில் ஒருவர் பாடத் தொடங்கினார். எனக்குப் பிடிக்காத பாட்டு. அவனுடைய முகத்தைப் பார்த்தேன். 1998-இல் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் கண்டேன்.

"வடிவா இருக்கு, அண்ணை. என்ன, இப்பிடி ஒரு இடம்" என்றான்.

நான் முடிந்துவிட்டது என்று சொல்லும் தவறணை அவனுக்கு அன்றுதான் தொடங்கியிருந்தது. என் சினேகிதர்கள் கேட்டிருந்தால் வாதாடியிருப்பார்கள். எனக்கு வாதாட ஒன்றும் இல்லை. கதிரையை அவன் பக்கம் தள்ளினேன். பெயரைக் கேட்டேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

*

வீட்டுக்கு வரும் ரயிலில் யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த இடம் மாறிவிட்டது என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லும்போது, அந்த மாற்றத்தில் எங்கள் பங்கையும் சொல்லவேண்டும். பெரியவர் தன் மேசை போன பிறகும் கால் நூற்றாண்டு வந்தார். அவர் வந்ததால்தான் எனக்கு ஒரு தூணும், ஒரு கதையும், என் பெயரைச் சரியாகச் சொல்ல ஒரு வாயும் கிடைத்தன. நான் பிடித்த கதிரை போனதும் வருவதைக் குறைத்தேன். சுவரைச் சட்டம் காக்கும். 2015-இல் அதைச் செய்துவிட்டார்கள். வந்தவனுக்கு இடம் விட்டு நகர்ந்து இருக்கும் ஓர் ஆளைச் சட்டத்தால் அங்கே வைக்க முடியாது. அதை வழமையாக வருபவர்கள்தான் செய்யவேண்டும்.

உங்களுக்கும் இப்படி ஓர் இடம் இருக்கலாம். ஒரு தேத்தண்ணிக் கடை, ஒரு வாசிகசாலை, ஒரு கோயில் வீதி. அது முன்புபோல இல்லை என்றால், இன்னும் ஒருமுறை போய் இருங்கள். அங்கே புதிதாக ஒருவர் தூணோடு ஒட்டி நிற்பார்.

எங்கள் ஆட்களிடம் ஒன்று கேட்கவேண்டும். கலியாண வீட்டில், செத்தவீட்டில், தூரத்தில் தனியே நிற்கும் பிள்ளையிடம் போய் "ஊர் எது?" என்று கேட்போம். நல்ல கேள்விதான், கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு நீங்கள் அறியாத இன்னோர் ஊரும் இருக்கலாம். அதைச் சொல்ல நேரம் எடுக்கும். அடுத்த கேள்விக்கு அவசரப்படாமல், பக்கத்துக் கதிரையில் கொஞ்சம் இருங்கள்.